ஞாபக டானிக்

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பாத்திரக் கடைக்கு மேல்மாடியில் டைப் இன்ஸ்டிட்யூட் ஒன்று இருந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் நான் அங்கே டீச்சராக வேலை பார்த்தேன். எங்கள் வீட்டில் அப்பாவும் அண்ணன்களும் பட்டு நெய்கிறவர்கள். எனக்குத் தறிக்குழியில் கால் வைக்கவே பிடிக்காது. தட்டச்சில் ஹையர் பாஸ் செய்ததும் இன்ஸ்டிட்யூட் முதலாளி, "வெளிய எங்க போய் வேலை தேடப் போற? இங்கியே டீச்சரா இருந்துடும்மா" என்றார். இருந்துவிட்டேன்.

முதலாளியை நாங்கள் சார் என்போம். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, சந்தனப் பொட்டு, மெதுவான பேச்சு. அந்தச் சட்டையையும் பேச்சையும் நம்பி வயசுப் பெண்களை அனுப்பிய அப்பாக்கள் அநேகம். எனக்கு அவரிடம் முதலில் குமட்டியது அவருடைய சிவப்புப் பென்சில். பிள்ளைகள் அடித்த தாளில் தப்பைச் சுழிக்கிற பென்சில் அது. அதாலேயே காதைக் குடைவார். குடைந்து, முனையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். பிறகு தாளை எடுத்து, "இங்க பார், ஸ்பேஸ் விடல" என்று அதே முனையால் சுழி போட்டு நீட்டுவார். தாளை ஓரத்தில் பிடித்துத்தான் வாங்குவேன். ஆனாலும் சம்பளம் கொடுக்கிறவர். மற்றபடி மரியாதையாகத்தான் நடத்தினார். முகத்தைச் சுளிக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

சின்ன காஞ்சிபுரத்தில் இன்னொரு இன்ஸ்டிட்யூட் திறந்தார்கள். வந்த வேகத்தில் அவர்களுக்கு நிறையப் பேர் பாஸ். எங்களிடம் படித்துக்கொண்டிருந்த சிலரே அங்கே மாறிப் போனார்கள். சார் கொஞ்ச நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். அப்புறம் ஒரு காலையில் மனைவியையும் கூட்டிக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தார். அந்தம்மாவின் கையில் ஒரு எவர்சில்வர் தூக்கு. பிள்ளைகளை மிஷின்களை நிறுத்தச் சொல்லிவிட்டு சார் பேசினார்.

"காபி குடிச்சா சுறுசுறுப்பா இருக்குதில்ல? ஏன்? அதுல கஃபீன்னு ஒண்ணு இருக்குது. மூளையைத் தட்டி எழுப்புறது அதுதான். மத்ததெல்லாம் வெறும் தண்ணி. அந்தச் சத்தை மட்டும் தனியா எடுத்து, மூலிகையோட சேத்து டானிக் பண்ணி வெச்சிருக்கிறேன். மெமரி பவர் ஏறும், கான்சென்ட்ரேஷன் ஏறும், ஸ்பீடு தன்னால வரும். வெளிநாட்டுல படிக்கிற பசங்க எல்லாம் இதைத்தான் சாப்பிடுறாங்க."

வெளிநாட்டுப் பையன்கள் என்றதும் பின்வரிசை வரைக்கும் கழுத்துகள் நீண்டன. அந்தம்மா ஒரு சின்ன டம்ளரில் ஊற்றி ஊற்றிக் கொடுத்தார். எல்லோருக்கும் ஒரே டம்ளர்தான். நடுவில் கழுவவில்லை, முந்தானையால் விளிம்பை ஒரு துடை துடைத்ததோடு சரி.

எனக்கும் கொடுத்தார்கள். தார் போலக் கறுப்பு. வாயருகே கொண்டு போனால் ஏலக்காய் வாசனைதான் முதலில் வரும். அதற்குக் கீழே வேறு ஒரு வாடை ஒளிந்துகொண்டிருக்கும், நனைந்து காயாத கோணிப்பையின் வாடை. முதலில் வெல்லத்தின் இனிப்பு, உடனே நாக்கின் அடிவேர் வரை இறங்குகிற கசப்பு. விழுங்கிய பிறகு பல்லில் வழவழவென்று ஏதோ ஏடு படிந்து நிற்கும். வாய் கொப்பளிக்கக் கூடாது, சத்துப் போய்விடும் என்று சார் சொல்லியிருந்தார். நாங்கள் எல்லோரும் கறுத்த பல்லோடு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம்.

கொஞ்ச நேரத்தில் வேலை செய்ய ஆரம்பித்தது. அதை இல்லையென்று சொல்ல மாட்டேன். தூக்கக் கலக்கத்தோடு காலை வகுப்புக்கு வந்திருந்த பிள்ளைகள் எல்லாம் முதுகை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். மிஷின்களின் சத்தம் ஒரேயடியாக ஏறியது. கீழேயிருந்து பாத்திரக் கடைக்காரர் படியில் பாதி ஏறி வந்து, "என்னாபா, மேல கல் உடைக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். சார் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார்.

அன்றிலிருந்து தினமும் டானிக். ஒரு வாரத்தில் இன்ஸ்டிட்யூட்டின் வாசனையே மாறிப்போனது. முன்பெல்லாம் அங்கே மிஷின் எண்ணெயும் ரிப்பன் மையும்தான் மணக்கும். இப்போது பிள்ளைகளுக்கு வேர்த்துக் கொட்டியது. அது வெயில் வேர்வை இல்லை. பிசுபிசுப்பான, புளித்த மாவைப் போல நாறுகிற வேர்வை. ஜன்னலைத் திறந்து வைத்தாலும் போகாது. எழுத்துக் கட்டைகளின் மேல் அழுக்கு ஒட்டிக்கொண்டு விரல் வழுக்கியது. சாயங்காலம் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தால் துணி கரேலென்று வரும். கடைக்குப் பின்னால் இருந்த ஒரே கக்கூஸுக்கு எந்நேரமும் வரிசை. குடித்த பிள்ளைகளுக்கு அடக்கிக்கொண்டு உட்கார முடியவில்லை. அந்த வரிசையில் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு நிற்பதைப் பாத்திரக் கடை ஆட்கள் வேடிக்கை பார்த்தார்கள். சாரிடம் சொன்னேன். "உடம்புல இருக்கிற கெட்ட நீர் வெளிய போகுதும்மா, நல்லதுதான்" என்றார்.

என் உடம்பிலும் அதே கதை. வீட்டுக்குப் போனால் சோற்றைப் பார்க்கவே பிடிக்காது. நெஞ்சு படபடவென்று அடிக்கும். அதைவிட மோசம், மனசு எதிலும் ஒட்டாமல் போனது. கவனம் கூடும் என்று சொன்னார் அல்லவா? கூடியது விழிப்பு. கண் கொட்டக் கொட்ட விழித்திருக்கும், காதில் எல்லாம் விழும். கோயில் மணி, தெருவில் போகிற சைக்கிள், அடுத்த பெஞ்சில் ஒருத்தி மூக்கு உறிஞ்சுவது, கீழே குடத்துக்கு ஈயம் பூசுகிறவன் இருமுவது, எல்லாம் ஒரே அளவு சத்தமாக வந்து மேலே விழும். எதைத் தள்ளி எதை வைத்துக்கொள்வது என்று தெரியாது. ஒரு வரியைப் படித்து முடிக்கும்போது அதன் ஆரம்பம் மறந்திருக்கும். அம்மா கடையிலிருந்து வாங்கி வரச் சொன்னதை, தெருமுனை திரும்புவதற்குள் தொலைத்துவிட்டு நிற்பேன்.

தாள்களைத் திருத்தும்போது எனக்கு விஷயம் பிடிபட்டது. முன்னால் பிள்ளைகள் செய்த தப்புகள் வேறு மாதிரி. ஒரு எழுத்துக்குப் பதிலாகப் பக்கத்து எழுத்து விழும், அவ்வளவுதான். இப்போது எழுத்துகள் சரியாக இருந்தன. வரிகள் காணாமல் போயிருந்தன. ஒரு வரியை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகாமல் மறுபடி அதே வரியை அடித்திருப்பார்கள். காட்டினால் நம்ப மாட்டார்கள். "நான் இப்டி அடிக்கவே இல்லக்கா" என்று சத்தியம் செய்வார்கள். பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை.

தாமல் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருகிற பெண் ஒருத்தி இருந்தாள். ஏரிப் பாசனத்தில் நெல் போடுகிற குடும்பம். எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு, டைப் ஹையர் முடித்தால் ஆபீஸ் வேலைக்குப் போகலாம் என்று தானாக அப்பாவிடம் அடம் பிடித்து வந்து சேர்ந்தவள். வேகம் சுமார்தான். ஆனால் அந்தக் கவனத்தை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. நாங்கள் எல்லோரும் வருஷக்கணக்காக அடித்துப் பழகிய பாடப் புத்தகத்தில் ஒரு வார்த்தை தப்பாக அச்சாகியிருப்பதை அவள்தான் கண்டுபிடித்தாள். "அக்கா, இந்த எடத்துல ஒரு எழுத்து விட்டுப் போயிருக்குதே, நாம சரியா அடிக்கணுமா, அதே மாதிரி தப்பா அடிக்கணுமா?" என்று கேட்டாள். ஒரு பாடத்தை ஒருமுறை அடித்துவிட்டால் பஸ்ஸில் போகும்போது அதை அப்படியே சொல்லிக்கொண்டு போவாளாம். பாதி இங்கிலீஷுக்கு அர்த்தம் தெரியாவிட்டாலும் சொல்வாள்.

டானிக் வந்த பிறகு அவளுக்கும் வேகம் ஏறியது. ஏறினதில் அவளுக்கு மகா சந்தோஷம். கொண்டு வருகிற சாப்பாட்டை அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்தாள். கன்னம் ஒட்டியது. ஒருநாள் அவள் தாளில் ஒரு முழுப் பத்தியே இரண்டு தடவை வந்திருந்தது. காட்டினேன். தாளை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இது நான் அடிச்சதாக்கா?"

"உன் மிஷின்லருந்துதான் எடுத்தேன்."

"இல்லக்கா. வேற யாராவது என் எடத்துல உக்காந்திருப்பாங்க" என்றாள். சொல்லும்போது உதடு ஒரு பக்கமாக இழுத்து இழுத்துத் துடித்தது.

சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் தாளை வாங்கி, பென்சிலால் காதைக் குடைந்துகொண்டே பார்த்தார். "ஸ்பீடு எவ்ளோ வந்துக்குது பாத்தியா? அதைப் பாரு. பரீட்சை நெருங்கிக்கினு இருக்குது. டோஸ் பத்தல போல இருக்குது, கொஞ்சம் ஏத்தி விடலாம்" என்றார். அடுத்த நாளிலிருந்து டம்ளர் பெரிதானது. வீட்டில் வைத்துக் குடிக்க பாட்டில்களும் வந்தன. பழைய மருந்து பாட்டில்களில் ஊற்றி, மேலே காகிதம் ஒட்டி விற்றார்.

தாமல் பெண்ணின் அப்பாவே ஒரு பாட்டில் வாங்க மாடி ஏறி வந்தார். தலைப்பாகைத் துண்டைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். நான் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "ஐயா, உங்க பொண்ணு சரியா சாப்பிடறதில்ல. இந்த டானிக் வேணாம்யா" என்றேன்.

"எதுக்குமா வேணான்ற? வேலை செய்யுதில்ல?"

"வேகமா அடிக்குது. ஆனா என்னா அடிச்சோம்னு அதுக்கே தெரியல."

"வேகமாத்தானமா வேணும் பரீட்சைக்கு? வண்டி மாட்டுக்குக்கூட ஏத்தத்துல ஏறும்போது நாங்க ஏதாவது குடுத்துத்தான் ஓட்றோம். நீ டீச்சரு, நீயே தடுக்கிறியே" என்று சிரித்தார். கெட்ட மனுஷர் இல்லை. மகளை மாட்டோடு சேர்த்துச் சொன்னது அவர் காதுக்கே தப்பாகப் படவில்லை. பாட்டிலைத் துண்டில் சுற்றி, உடையாமல் பத்திரமாக எடுத்துக்கொண்டு போனார்.

சாருக்கு ஒரு மகள் உண்டு. அவளும் அதே காலை வகுப்பில்தான் படித்தாள். வரிசையில் டம்ளர் வரும்போது அந்தம்மா மகளைத் தாண்டி அடுத்த பெண்ணுக்குப் போய்விடுவார். நான் முதலில் அதைக் கவனிக்கவில்லை. கவனித்த அன்று அவளிடமே கேட்டேன். "எனக்கு வேணாம்னு அப்பா சொல்லிட்டார் டீச்சர். எனக்கு மோர் குடுத்து அனுப்பிட்டாங்க" என்று பைக்குள்ளிருந்த பாட்டிலைக் காட்டினாள். விகல்பமில்லாமல் சொன்னாள். அன்றைக்கு என் பங்கை வாயில் ஊற்றிக்கொண்டு, ஜன்னலோரம் போய்க் கீழே துப்பினேன்.

அதற்கு அடுத்த வாரம் டைப் ரிப்பன் தீர்ந்துவிட்டது. ஸ்டாக் சாரின் வீட்டில் இருந்தது. மத்தியான வேளையில் நானே வாங்கப் போனேன். வாசல் கதவு திறந்திருந்தது, குரல் கொடுத்தும் யாரும் வரவில்லை. நடை வழியாகப் பின்கட்டுக்குப் போனேன்.

போகும்போதே ஈக்களின் சத்தம் கேட்டது. கொல்லையில் சுவரோரமாகக் கோணிப்பைகள் வரிசையாக இருந்தன. ஒன்றின் வாய் அவிழ்ந்து கறுப்பாக ஏதோ கொட்டிக் கிடந்தது. எரு என்றுதான் முதலில் நினைத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால் டீத்தூள். டீக்கடைகளில் நாள் முழுக்கக் கொதிக்க வைத்து, இனி வடிக்க ஒன்றுமில்லை என்று பை வடிகட்டியிலிருந்து உதறிக் கொட்டுகிற சக்கை. அதோடு பீடித் துண்டுகள், எச்சில் பன், வெற்றிலைச் சக்கை, ஒரு செத்த கரப்பான், எல்லாம் கலந்திருந்தது. அடியில் கிடந்த சக்கையின் மேல் வெள்ளையாகப் பூஞ்சைக் காளான் பஞ்சு போல வளர்ந்திருந்தது. பக்கத்தில் மூன்று கல் அடுப்பில் ஒரு பெரிய அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. அதே சக்கைதான் உள்ளே புரண்டது. மேலே நுரை, நுரையில் ஈ.

அந்தம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு விறகுக் கட்டையால் கிண்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கட்டையை விட்டுவிட்டார்.

"நீ எதுக்குமா இங்க வந்த?"

அண்டாவைக் காட்டினேன்.

"அவர் சொல்றாரு, நான் கிண்டுறேன்" என்றார் அந்தம்மா. "ஊர்ல இருக்கிற டீக்கடை சக்கையெல்லாம் இங்கதான் வருது. இந்தத் தண்ணி நெறத்துக்கு. அப்புறம் வெல்லம். அப்புறம் மெட்ராஸ்லருந்து பொட்டலத்துல ஒரு வெள்ளைத் தூள் வருது, அதைக் கரைச்சு ஊத்துவாரு. அதுதான் மருந்தாம். எவ்ளோ போடணும்னு அவருக்கே தெரியாது. ஒருநாள் ஒரு கரண்டி, ஒருநாள் ரெண்டு. நாத்தம் தெரியாம இருக்க ஏலக்காய்."

"எதால வடிகட்டுவீங்க?"

அவர் கொடியைப் பார்த்தார். அங்கே சாரின் பழைய வேட்டி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. நடுவில் பழுப்பும் கறுப்புமாக, வட்டம் வட்டமாகக் கறை. அதன் நுனியிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

நான் சாக்கடைப் பக்கம் ஓடி வாந்தியெடுத்தேன். காலையில் சாப்பிட்டது, அதற்கு முந்தின நாள்களில் குடித்தது எல்லாம் திரண்டு வருகிற மாதிரி குடலே பிடுங்கிக்கொண்டு வந்தது. அந்தம்மா சொம்பில் தண்ணீர் கொண்டு வந்து தலையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை என்மேல் படுவதே எனக்குக் கூசியது. விறகுக் கட்டையைப் பிடித்திருந்த கை. தட்டிவிட்டேன்.

"நீங்க இதைக் குடிப்பீங்களா?" என்றேன்.

"சீச்சீ" என்றார். வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. பிறகு என் முகத்தைப் பார்க்காமல் அடுப்பில் விறகைத் தள்ளினார்.

மறுநாள் காலை வகுப்பில், சார் வருவதற்கு முன்னால், பிள்ளைகள் எல்லோரிடமும் நான் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன். பூஞ்சைக் காளான், கரப்பான், வேட்டி ஒன்றையும் விடவில்லை. இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு கீழே ஓடினார்கள். ஒரு பையன், "அப்ப வூட்டுல வாங்கி வெச்சிருக்கிற பாட்டிலை என்னா பண்றது?" என்று கேட்டான். "கொதிக்கத்தான வெக்கிறாங்க, கொதிச்சா எல்லாம் செத்துடும்" என்றான் இன்னொருவன். சிரித்தார்கள். சிரித்தவர்கள் அன்றைக்கும் வரிசையில் நின்றார்கள். எனக்குச் சாரின் மேல் இருந்த அருவருப்பைவிட, தெரிந்தும் டம்ளருக்காக நீண்ட அந்தக் கைகளின் மேல் அதிகமாக வந்தது.

சார் என்னைத் தனியறைக்குக் கூப்பிட்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன். இல்லை. அதே மெதுவான பேச்சு.

"நெறம் எதுலருந்து வந்தா என்னாம்மா? மருந்து மருந்துதான். பரீட்சை முடியிற வரைக்கும் வாயை மூடிக்கினு இரு."

"உங்க பொண்ணுக்கு ஏன் சார் குடுக்கல?"

"அது சின்ன உடம்பு, தாங்காது" என்றார். கண்கூடச் சிமிட்டவில்லை.

பரீட்சை முடியும் மட்டும் நான் அந்த வேலையில் இருந்தது தாமல் பெண்ணுக்காகத்தான். அவள் நான் சொன்ன அன்றே டானிக்கை நிறுத்திவிட்டாள். நிறுத்தியதும் அவளுக்குத் தலைவலி மண்டையைப் பிளந்தது. மிஷின் முன்னால் உட்கார்ந்து கொட்டாவி விட்டாள், வேகம் விழுந்தது. "முன்ன எனக்கு இருந்த ஸ்பீடுகூட இல்லியேக்கா" என்று அழுதாள். இரண்டொரு நாள் பொறு, சரியாகிவிடும் என்றேன். பொறுக்க நாள் இல்லை. பரீட்சை வந்துவிட்டது.

அந்தக் காலத்தில் பரீட்சை நடக்கிற பள்ளிக்கூடத்துக்கு மிஷின்களை நாங்களே கொண்டு போக வேண்டும். வைக்கோல் பரப்பி மாட்டு வண்டியில் ஏற்றினோம். அவள் அப்பாவோடு நேராகப் பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தாள். கண் இரண்டும் பளபளவென்று இருந்தன. என்னைப் பார்த்ததும் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். பல்லைக் காட்டாமல் இருக்கத்தான் என்று எனக்குப் புரிந்தது. அவள் அப்பா மட்டும் பெருமையாக, "பாதி பாட்டில் உள்ள போயிருக்குதுமா. இன்னிக்கு பாரு" என்றார். மணி அடித்துவிட்டது. அவள் உள்ளே போய்விட்டாள்.

நான் வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். ஹாலுக்குள்ளிருந்து மிஷின்கள் ஓடும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு வரி முடியும்போதும் மிஷினில் மணி அடிக்கும். அத்தனை மணிகளில் எது அவளுடையது என்று எனக்குத் தெரிய வழியில்லை. ஆனாலும் காதைக் கொடுத்துக்கொண்டே நின்றேன்.

வெளியே வந்தபோது சிரித்துக்கொண்டு வந்தாள். "முடிச்சிட்டேன்க்கா. நேரம் மிச்சம் இருந்துச்சு. காத்து மாதிரி ஓடுச்சு கை."

"எதைப் பத்திப் பாடம் வந்துது?"

வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. என் முகத்தையே பார்த்தாள். அவள் முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"தெரியலக்கா" என்றாள். "எதோ... ஆத்து மேல... பாலம்... இல்ல. அது போன வாரம் அடிச்சது. அக்கா, ஒண்ணுமே தெரியல. மொத வரி மட்டும் வருது. மொத வரியே திரும்பத் திரும்ப வருது."

சொல்லிக்கொண்டே இருந்தவள் அப்படியே குனிந்து வாந்தியெடுத்தாள். கறுப்பாக வந்தது. பரீட்சைக்கென்று உடுத்தி வந்த மஞ்சள் புடவையின் மடிப்பெல்லாம் கறுப்பு. கைகள் வெடவெடவென்று ஆடின. அவள் அப்பா என்ன செய்வதென்று தெரியாமல், "ஐயோ, ஐயோ" என்று துண்டால் புடவையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சார் வந்தார். அடுத்த பேட்ச் பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் அந்தப் பக்கம்தான் நின்றிருந்தார்கள். அவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, என்னிடம் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஜனம் பாக்கிற எடத்துல என்னா இது? அந்தண்ட இட்டுக்கினு போ" என்றார். பிறகு செருப்புக் காலால் மண்ணைத் தள்ளித் தள்ளி அந்தக் கறுப்பை மூடினார். கறுப்பு மண்ணில் ஊறிக்கொண்டு மேலே வர, மறுபடியும் தள்ளினார். சட்டையில் ஒரு துளி பட்டிருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டார். பட்டிருக்கவில்லை. அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நானும் அவள் அப்பாவுமாக ரிக்‌ஷாவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். நாடி பிடித்துப் பார்த்த டாக்டரம்மா, "எத்தனை காபி குடிச்ச?" என்றுதான் கேட்டார். நான் டானிக்கைப் பற்றிச் சொன்னேன். அவள் அப்பாவிடம் மீதியிருந்த பாட்டிலை வாங்கித் திறந்து முகர்ந்தவர் கையை முகத்திலிருந்து தூரத் தள்ளிக்கொண்டார். "இது தூங்கவிடாம பண்ணும், அவ்ளோதான். முழிச்சிக்கினு இருந்தா மூளை வேலை செய்யுதுன்னு எவன் சொன்னான் உங்களுக்கு? ஒரு அளவுக்கு மேல போனா இதயத்துக்கே ஆகாது" என்றார். அன்று பொழுது சாயும் வரை அவளை அங்கேயே வைத்திருந்தார்கள். அப்பாக்காரர் வராந்தாவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "நான்தானமா ஊத்திக் குடுத்தேன்" என்று சொல்லிச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார். அவரைத் தேற்ற எனக்கு மனசு வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வந்தது.

அடுத்த நாளே வேலையை விட்டேன். ரிசல்ட் வந்தபோது தாமல் பெண் பெயில். இன்ஸ்டிட்யூட்டில் பாஸானவர்களும் இருந்தார்கள். வழக்கமாக எவ்வளவு பேர் பாஸாவார்களோ அவ்வளவு பேர்தான். சார் அவர்கள் பெயரையெல்லாம் பலகையில் எழுதி, மேலே ஞாபக டானிக் என்று பெரிசாகப் போட்டு மாட்டினார். சாரின் மகள் பெயர் முதலில் இருந்தது. மோர் குடித்துவிட்டு பாஸ் பண்ணினவள். அந்தப் பலகையைப் பார்த்துப் புதுசாகச் சேர்ந்தவர்கள் நிறையப் பேர் என்று கேள்விப்பட்டேன். பெயிலானவர்கள் பெயரை யார் எழுதி மாட்டப் போகிறார்கள்?

தாமல் பெண்ணை அவள் அப்பா இனிமேல் அனுப்ப மாட்டார் என்றுதான் நினைத்தேன். அவரே எங்கள் வீட்டுக்கு வந்தார். "வேற எங்கனா சேத்து விடுமா. நீ சொல்ற எடம்" என்றார். சின்ன காஞ்சிபுரத்து இன்ஸ்டிட்யூட்டில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. அங்கேயே அவளைச் சேர்த்தேன். ஆரம்பத்தில் ஒரு பத்தி அடிப்பதற்குள் கை நின்றுவிடும். வரியைத் தொலைத்துவிட்டோமோ என்று திரும்பத் திரும்பப் பார்த்துக்கொள்வாள். அந்தப் பயம் தெளிய மாசங்கள் ஆயின. ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் காலி செய்துவிட்டு விரலைச் சூப்பிக்கொண்டே, "அக்கா, நேத்து அடிச்ச பாடத்தை பஸ்ஸுல சொல்லிப் பாத்தேன், முழுசா வந்துச்சு" என்றாள். அடுத்த தடவை ஹையர் பாஸ் செய்தாள். பிறகு ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் வேலைக்குப் போனாள். வேகமாக அடிக்கிறவள் என்று அவளுக்குப் பெயர் இல்லை. அவள் அடித்த தாளை மறுபடி ஒருவர் பார்க்க வேண்டியதில்லை என்று பெயர்.

சாருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். டானிக் நன்றாக விற்றது. எழுபதுகள் முடிகிற சமயத்தில் அச்சடித்த லேபிளோடு, சிவப்பு மூடி போட்ட பாட்டிலில், பரீட்சை மாதங்களில் பஸ் ஸ்டாண்டு கடைகளில்கூடத் தொங்கியது. லேபிளில் புத்தகம் படிக்கிற ஒரு பையனின் படம். கல்யாண சீசனில் ராத்திரி கண் விழித்து நெய்யத் தறிக்காரர்களும் வாங்கினார்கள் என்று அண்ணன் சொன்னான். எங்கள் வீட்டுக்குள் மட்டும் வரவிடவில்லை.

அப்போது நான் ஒரு ஆபீசில் வேலையில் இருந்தேன். பக்கத்து மேஜைக்காரி அவள் மகனின் பரீட்சைக்கென்று ஒரு பாட்டில் வாங்கி வந்து, "நீங்க முன்ன அந்த இன்ஸ்டிட்யூட்ல இருந்தீங்களாமே, ஒரிஜினலான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்று என் முன்னால் வைத்தாள். மூடியைத் திறந்தேன். ஏலக்காய். அதற்குக் கீழே அந்தக் கோணி வாடை. எழுந்து போய்க் கை கழுவுகிற தொட்டியில் முழுப் பாட்டிலையும் கவிழ்த்தேன். அவள் பின்னாலேயே ஓடி வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"பைத்தியமா உங்களுக்கு? காசு குடுத்து வாங்கினது!"

"உள்ள என்னா இருக்குதுன்னு சொல்லட்டுமா?" என்றேன். சொன்னேன்.

முழுவதும் கேட்டாள். பிறகு, "அதெல்லாம் அப்போ. இப்பதான் பாட்டில்ல சீல் வெச்சு வருதே" என்றாள். அதற்கப்புறம் அவள் என்னோடு பேசவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் இன்னொன்று வாங்கிக்கொண்டு போனதாக மறுநாள் யாரோ சொன்னார்கள். வெள்ளைப் பீங்கான் தொட்டியில் படிந்த கறுப்பை நானே தேங்காய் நாரும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். போகவில்லை.